துரைக்கும் நிரைக்கும் நடுவே

தொழிலும் தலைமையும்: தொடர் கட்டுரை – 8

சென்ற இதழில் ஜம்ஷெட்பூரைப் பார்த்தோம். உருக்காலை ஒன்று 1921-ஆம் ஆண்டிலேயே தன் ஆட்களைத் தொழிலிற் பழக்குவதற்கென்று ஒரு பாடசாலையை ஏற்படுத்திக்கொண்டதும், அதே நகரில் 1949-இல் சேசு சபைத் துறவிகள் நிர்வாகக் கலைக்கென்றே எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற கல்லூரியைத் தொடங்கியதும், ஒரு தொழிலை நடத்துகிற சாமர்த்தியம் வகுத்துக் கற்பிக்கத்தக்கது என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த காரியங்கள். கூரையின் கீழே, யந்திரத்தின் அருகே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தூரத்தில் வேலை நடக்கிற இடத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தும் என்பதில் ஐயமில்லை. நூற்றுக்கணக்கானோர் மலைச்சரிவில் சிதறி நின்று கையாலேயே வேலை செய்கிற தொழிலுக்கும் அது பொருந்துமா என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்த வாரம் கந்தப்பளைக்கு வருகிறோம்.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகிற பாதையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது இவ்வூர். ஒரு பக்கம் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மரக்கறித் தோட்டங்கள். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. விடிந்தும் விடியாததுமான வேளையில் பனி இன்னும் சரிவை விட்டு எழும்பாமலிருக்கையிலேயே பெரட்டுக் களத்தில் ஆள் கூடுகிறது. முற்காலத்தில் தப்படித்து எழுப்பிய சனங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கைபேசியில் மணி பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்பதொன்றே வித்தியாசம். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து, எவருக்குக் கான்வெட்டு (வடிகால் வெட்டு) என்று அங்கே பிரித்துவிடப்படுகிறது. அப்படிப் பிரிகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னே ஒருவர் நடக்கிறார். அவர்தாம் கங்காணி; இவ்வாரக் கட்டுரையின் விஷயமும் அவரே.

தோட்டத்தின் அதிகார ஏணியை அறியாதவர்களுக்கு அதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். உச்சியில் பெரியதுரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, காரியாலயத்தில் பெரிய கிளாக்கர், ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையில் டீமேக்கர், வெளிவேலைக்குக் கண்டக்டர், அவருக்கும் கீழே கணக்கப்பிள்ளை, கடைசிப் படியில் கங்காணி, படியே இல்லாத தரையில் தொழிலாளி. இவர்களில் யார் தம் வேலையை எவ்வாறு கற்றார் என்று விசாரித்தால், தோட்டம் எதைப் பாடமாக மதித்தது, எதை மதிக்கவில்லை என்பது விளங்கிவிடும்.

துரையாக வருகிற இளைஞர் முதலில் 'கிரீப்பர்' என்ற பெயரில் ஒரு பெரியதுரையிடம் சேர்ந்து தொழில் பழகுவார். வெள்ளைக்காரர் காலத்தில் அதற்காகக் கட்டணம் செலுத்தியும் பழகியவர் உண்டு. ஸ்டோரில் சில மாதம், மலையில் சில மாதம், கணக்குப் புத்தகத்தின் முன்னே சில மாதம் என்று அவரை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டுவார்கள், பாஷையும் கற்பிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஃபெர்குசன் என்பவர் சின்னத்துரைமாருக்கென்று சட்டைப்பைக்குள் அடங்குகிற தமிழ்க் கைந்நூல் ஒன்றை இயற்றினார். 'இங்கே வா' என்பதே அதன் பெயர். 1915-இல் வெல்ஸ் என்பவர் இதே தேவைக்காக இன்னொரு பெரிய நூலை வெளியிட்டார். ஏவுவதற்குப் பயன்படும் தமிழை ஏவுகிறவருக்கு இவ்வளவு சிரத்தையோடு கற்பித்த தோட்டம், அந்த ஏவலை மலைக்கு எடுத்துச் சென்று முப்பது பேரைக்கொண்டு நிறைவேற்றிவைக்கிற கங்காணிக்கு ஒன்றையும் கற்பிக்கவில்லை. அவர் ஏற்கெனவே எல்லாம் அறிந்தவர் என்ற அநுமானத்தில் ஒரு நூற்றாண்டு கழிந்துபோயிற்று.

அந்த அநுமானத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆதியில் கங்காணி உத்தியோகஸ்தராக நியமிக்கப்பட்டவரல்லர். தம் கிராமத்திலிருந்தும் தம் உறவின்முறையிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும், அந்த முன்பணத்தைக் கடனாகத் தலையில் ஏற்றியவரும், வழக்கு வந்தால் தீர்த்தவரும், நல்லது கெட்டதுக்கு முன்னே நின்றவரும் அவர்தாம். ஆட்களின் கடன் இவ்வளவு, அதைத் தீர்க்கிறவர் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதித் தருகிற 'துண்டு' முறை 1921-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில், ஒரு கூட்டத்தையே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகிற வல்லமை பெரியங்கங்காணிக்கு இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் சில சதம் அவருக்குச் சேர்ந்தது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன். எத்தனை பேர் மலைக்கு வந்தார்கள் என்பதற்குக் கூலி கொடுத்தால், ஆளைத் திரட்டுவதிலேயே ஒருவரின் திறமையெல்லாம் செலவாகும். வந்தவர் என்ன கற்றார், எப்படி எடுத்தார், எதற்காக முகம் வாடி நின்றார் என்பதைக் கவனிக்க அவருக்கு எந்த நிமித்தமும் இராது.

பின்பு காலம் மாறிற்று. 1931-இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, தொழிலாளி தன் குறையைக் கங்காணியின் வாய்வழியாக அல்லாமல் நேரே சொல்லலாம் என்ற எண்ணம் முதன்முதலாக மலைநாட்டில் உருக்கொண்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானதும், அதே ஆண்டில் தோட்டத்துரைமார் தொழிற்சங்கங்களை அங்கீகரித்து உடன்பாடு செய்துகொண்டதும் அந்த எண்ணத்தை நிலைநாட்டின. கங்காணியின் கடன்புத்தகம் மூடப்பட்டது; ஆளைப் பெயர்த்துச் செல்லும் வல்லமை போயிற்று; தலைக்காசும் மெல்ல மறைந்தது. அதிகாரத்தின் பழைய வேர்கள் அனைத்தும் இவ்வாறு அறுந்த பிறகு, அந்த ஸ்தானத்தில் நிற்பவரைத் தாங்குவதற்குத் தொழில் அறிவும் நியாய புத்தியுமே எஞ்சின. அவ்விரண்டையும் அவருக்கு ஊட்டுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டிய தருணம் அதுவே. அந்த ஏற்பாடு நடைபெறவில்லை. கங்காணியின் குரல் மட்டும் பழையபடியே மிஞ்சிற்று.

இன்றும் இம்மலைகளில் இருவகைக் கங்காணிகளைக் காணலாம். ஒருவகையார் பாதையோரத்தில் குடையை ஊன்றி நின்றபடி, மேலிருந்து கீழே குரல் கொடுப்பவர். "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்பதே அவருடைய உபதேசம் முழுவதும். மற்றவகையார் நிரைக்குள் இறங்குபவர். புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண் கொழுந்தோடு முற்றிய இலையையும் சேர்த்து உருவிக் கூடையில் போடுவதைக் கண்ட ஒரு கங்காணி, சத்தம் போடாமல் அவளருகே போய், மட்டக்கம்பைச் செடியின் தலையில் வைத்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கம்புக்கு மேலே எழும்பியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்குள் வந்ததும், இழுக்காமல் முறித்துவிட வேண்டும். அவர் மூன்று தரம் தாமே எடுத்துக் காட்டினார். பிறகு அவளை எடுக்கச் சொன்னார். "இந்தச் சின்னதைத் தொடாத தங்கச்சி. அடுத்த ரவுண்டுக்கு அதுதான் நமக்குச் சோறு" என்றார். "எடை குறைஞ்சா பேர் விழாதே அண்ணே" என்றாள் அவள், அன்றைய முழு நாட்கூலியை எண்ணி. "இன்னிக்கு நான் கணக்கப்பிள்ளைக்கிட்ட சொல்லிக்கிறேன். நாளைக்கு உன் கையே சொல்லும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போனவர், கால்மணி நேரத்துக்கெல்லாம் திரும்பி வந்து அவளுடைய கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

அந்தக் கங்காணி எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவரல்லர். ஆயினும் அவர் செய்த காரியத்தின் நான்கு படிகளையும், அதாவது கற்பவரின் அச்சத்தைப் போக்குதல், செய்து காட்டுதல், செய்யவைத்துப் பார்த்தல், பின்பு திரும்பி வந்து கவனித்தல் என்பவற்றை, இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் ஒரு பாடமாகவே வகுத்தது. அனுபவஸ்தர்கள் போர்முனைக்குப் போய்விட, தொழிலறியாத புதியவர்கள் ஆலைகளில் நிறைந்த அந்நாளில், அவர்களைப் பழக்கப் பேராசிரியர்களைத் தேடிப் பயனில்லை என்று கண்டு, ஆலையின் கடைசிப் படியில் நின்ற மேற்பார்வையாளர்களையே ஆசிரியர்களாக்கினார்கள். வேலையைக் கற்பிப்பது எப்படி, வேலை முறையைத் திருத்துவது எப்படி, மனிதரோடு ஒத்துப்போவது எப்படி என்ற மூன்றே பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரந்தான். 1940-க்கும் 1945-க்கும் இடையில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். யுத்தம் முடிந்தபின் ஜப்பானுக்குப் போன அந்தப் பாடம், டொயோட்டா முதலிய ஆலைகளில் வேரூன்றி இன்றளவும் வழங்குகிறது. கல்லூரிப் படிப்பில்லாதவருக்கும் தலைமையைக் கற்பிக்கலாம், அதுவும் பத்து மணி நேரத்தில் தொடங்கிவிடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

இதில் தோட்டத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர் உண்டானால், அவர் ஸ்டோருக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். முற்றல் கலந்த கொழுந்தை எந்த டீமேக்கராலும் நல்ல தேயிலையாக்க முடியாது. வாட்டுவதிலும் அரைப்பதிலும் எவ்வளவு நிபுணராயினும், கூடையில் வந்ததற்கு மேலே அவர் ஒன்றையும் சேர்த்துவிட இயலாது. ஆகவே நுவரெலியாத் தேயிலை என்று உலகம் புகழ்கிற அந்த மணத்தின் கதி, துரையின் பங்களாவிலோ கொழும்பு ஏலத்திலோ தீர்மானிக்கப்படுவதற்கு வெகுநேரம் முன்னரே, நிரைக்குள் இறங்குகிற கங்காணிக்கும் இறங்காத கங்காணிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

கங்காணியின் முதற் பரீட்சை நிரையில் என்றால், இரண்டாவது பரீட்சை கொழுந்து மடுவத்தில் நடக்கிறது. காலையிலிருந்து மழையில் நனைந்து நின்ற பெண் தன் கொழுந்தைத் தராசில் வைக்கிறாள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். கழிப்பது நியாயமே, மழை நீருக்குக் கூலி கொடுக்கும் தொழில் உலகில் இல்லை. எவ்வளவு கழிப்பது என்பதற்கு அளவுகோல் உண்டா, அது எல்லாருக்கும் ஒன்றா, தராசின் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அவளுக்குத் தெரியும்படி விடை கிடைக்கிற இடத்தில் மனத்தாங்கல் தங்குவதில்லை. கைமதிப்பாகக் கழித்துவிட்டு, கேட்டால் முறைக்கிற இடத்தில், ஒரு கிலோவினால் அரைப்பேராகிப் போனவளின் கோபம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், அடுப்படியில் நான்கு பேர் காதில் விழுந்து, மறுநாள் பெரட்டில் முப்பது பேர் முகத்தில் தெரிகிறது. நிர்வாக சாஸ்திரம் பக்கம் பக்கமாக எழுதுகிற 'நம்பிக்கை' என்ற பெரிய விஷயம், தோட்டத்தில் அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மூன்றாவது பரீட்சை குறைகேட்பது. வாரத்தில் ஒரு நாள் மாலையில் துரையின் காரியாலயத்தில் 'லேபர் டே' நடக்கும். சங்கத்தின் தோட்டத் தலைவர் முன்னே நிற்பார். மாதர் சங்கத் தலைவி ஒருத்தியும் சில இடங்களில் நிற்பாள். கூரை ஒழுகுகிறது, பிள்ளைக் காம்பராவில் ஆயா இல்லை, பேர் விடுபட்டுப்போயிற்று என்று ஒவ்வொன்றாக வழக்கு எழும். தோட்டத் தலைவர் என்பவர் இம்மலைகளில் கீழிருந்தே முளைத்த தலைமைக்கு உதாரண புருஷர். அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவரும் மலையில் வேலை செய்பவரே. துரையிடம் எந்த வழக்கை உரத்துச் சொல்வது, எதைத் தணித்துச் சொல்வது, எதைச் சொல்லாமலே கிளாக்கரோடு பேசித் தீர்ப்பது என்ற விவேகத்தை அவர் பேச்சுவார்த்தைகளிலேயே பழகிக்கொள்கிறார். நுவரெலியாத் தொகுதியிலிருந்து 1947-இல் பாராளுமன்றம் சென்று பின்னாளில் அமைச்சருமான சௌமியமூர்த்தி தொண்டமானே ஒரு பெரியங்கங்காணியின் மகன் என்பதை நினைத்தால், மலையக அரசியலின் தலைமையும் ஒருவகையில் இந்த நடுப்படியிலிருந்துதான் ஏறிற்று என்று சொல்லலாம்.

ஆனால் லேபர் டேக்கு வருகிற வழக்குகளை அருகிருந்து கேட்டால், அவற்றுட் பல அங்கே வந்திருக்கவே வேண்டாதவை என்பது புலப்படும். நிரையிலேயே ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம், கேட்க வேண்டியவர் கேளாமையால் மூன்று படி ஏறித் துரையின் மேசைக்கு வந்து, அங்கே கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது. சிக்காகோ நகரத்தருகே ஹாதோர்ன் என்ற ஆலையில் 1928 முதல் இரண்டு வருஷங்களில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை இருத்திவைத்துப் பேசவிட்டுக் கேட்டபோது, ஆராய்ச்சியாளர் எல்டன் மேயோவும் அவருடைய சகாக்களும் கண்ட உண்மையும் இதற்கு வெகு சமீபமானது. வாயில் வருகிற குறை ஒன்றாகவும் மனத்திலிருக்கிற குறை வேறொன்றாகவும் இருக்கும். குறுக்கிடாமல் கேட்கிறவர் ஒருவர் அகப்பட்டால் பாதிக் குறை அப்போதே இறங்கிவிடும் என்று அவர்கள் கண்டார்கள். கேட்பதும் ஒரு தொழில்திறமை, அதுவும் பழக்கத்தால் வருவது என்பது அதன் பிறகே மேனாட்டு ஆலைகளில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இனி, கொழுந்தெடுப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்ப்பவர் பெரும்பாலும் ஆண்கள் என்ற முரண்பாட்டைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்ற நிலை 1984-இல்தான் வந்தது. கூலி சமமாகி நாற்பது வருஷங்களாகியும், பெண் கங்காணிகளைச் சிற்சில தோட்டங்களில் மட்டுமே இப்போது காண முடிகிறது. இருபது வருஷம் கொழுந்தெடுத்த ஒருத்தியைவிட, ஒருநாளும் கூடை சுமக்காத ஒருவர் கொழுந்தைப் பற்றி அதிகம் அறிவார் என்று வாதிப்பவர் எவருமில்லை. இருந்தும் அவளை அந்த ஸ்தானத்தில் வைக்க மனம் வருவதில்லை. தோட்டத்தின் கையிலிருக்கிற மிகப் பெரிய மூலதனமான அவளுடைய அநுபவம் இவ்வாறு கூடையோடு கரைந்து போகிறது.

ஏணியின் விஷயமும் இவ்வாறே. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1979-இல் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் சட்டபூர்வமாக அமைக்கப்பட்டு, தோட்ட நிர்வாகம் கற்பிக்கத்தக்க பாடமாயிற்று. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறிற்று; லயத்திலிருந்து கங்காணியாகி, கங்காணியிலிருந்து கண்டக்டராகி, கண்டக்டரிலிருந்து துரையாகிற வழி மட்டும் ஒற்றையடிப் பாதையாகவே நிற்கிறது. படித்த பிள்ளை ஆசிரியராகிறான், கொழும்புக்குப் போகிறான், அல்லது பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கிறான். கந்தப்பளையிலேயே, மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996-இல் நட்சத்திர ஹோட்டலாக மாறித் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதல் நாளே சீருடை கொடுத்து, விருந்தாளியிடம் பேசுகிற விதம் முதல் மேசை விரிக்கிற விதம் வரையில் சொல்லிக்கொடுத்து, இன்னது பழகினால் இன்ன பதவி என்று காட்டுகிறார்கள். அதே வயதில் அவன் தங்கை மலைக்குப் பேர் பதிந்தால் அவளுக்குக் கொடுக்கப்படுவது ஒரு கூடையும் ஒரு நிரையும்தான். இளைஞர் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று அங்கலாய்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நாட்கூலி 2021-இல் ஆயிரம் ரூபாயாகி, 2024-இல் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அதற்காக நடந்த போராட்டங்கள் நியாயமானவை, இன்னும் நடக்க வேண்டியவையும் உண்டு. ஆயினும், கூலியைப் பற்றி மேசைக்கு இருபுறமும் அமர்ந்து வருஷக்கணக்கில் பேசியவர்கள், இந்தத் தொழிலில் ஒருவர் எப்படி உயர்வது என்பதைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருந்தால் அதுவும் கூலியைப் போலவே எழுத்தில் ஏறியிருக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: தோட்டத்தில் தலைமையை வளர்க்க விரும்புகிறவர், கங்காணியிடத்திலிருந்து தொடங்க வேண்டும். செய்து காட்டிக் கற்பித்தல், எல்லாரும் காண அளத்தல், குறுக்கிடாமல் கேட்டல் என்ற மூன்று பாடங்களை, அவருக்குத் தெரிந்த தமிழில், மலையிலேயே, மழை ஓய்ந்த ஒரு பிற்பகலில் கற்பிக்கலாம். மண்டபமும் மேடையும் வேண்டாம், நல்ல கங்காணி ஒருவரே மற்றவர்களுக்கு ஆசிரியராகட்டும். கற்றவரில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அவர்களுக்கு மேலே கண்டக்டர் பதவி காலியாகும்போது வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன்னே இவர்களுடைய பெயர் பார்க்கப்படும் என்பது எழுத்தில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது இல்லாமற்போனால் முன்னே சொன்னவையெல்லாம் வெறும் உபதேசமாகிவிடும். ஏறுவதற்குப் படியில்லாதவனுக்கு ஏறுகிற வித்தையைக் கற்பிப்பது பரிகாசமாகவே அவனுக்குத் தோன்றும். இதற்கு ஆகிற செலவு, தோட்டம் ஒரு வருஷத்தில் முற்றல் கொழுந்தால் இழக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் பெரிதாயிராது என்பதைக் கணக்குத் தெரிந்த எந்தப் பெரிய கிளாக்கரும் துரைக்கு எடுத்துக் காட்ட முடியும்.

மலையிலிருந்து இறங்கிய கொழுந்து ஸ்டோருக்குள் போன பின்பு அங்கே இரவு முழுவதும் விழித்திருக்கிற டீமேக்கர், தம் மூக்கையும் விரல்நுனியையும் நம்பிச் செய்கிற தீர்மானங்களைத் தமக்குப் பின்வருகிறவருக்கு எவ்வாறு கைமாற்றுகிறார் என்பதை அடுத்த இதழில் ஆராய்வோம்.

(தொடரும்)